அழுகைதான் வருது, எப்படிப் பாடுறது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல மனச்சோர்வு பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது, "சோர்ந்துபோற நேரத்துல ஆண்டவரைப் பாடித் துதிங்க"ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாசம் வந்த கடிதம் முக்கால்வாசியும் அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்திருக்கு. சிலர் நன்றி சொல்லியிருக்காங்க, சிலர் மனசு நொந்து கேட்டிருக்காங்க, ஒருத்தர் கோபமாவே கேட்டிருக்கார். அதனால இந்தத் தடவை வேற எதையும் எடுக்காம இதையே பேசிடலாம்.

கேள்வி: அக்கா, பாடுங்க பாடுங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு வேலை போய் மாசக்கணக்கா ஆச்சு, அப்பாவுக்கும் உடம்பு சரியில்ல. பாட்டு ஆரம்பிச்சா ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள தொண்டை அடைச்சுக்குது, அழுகைதான் வருது. "நீர் நல்லவர்"னு வாய் சொல்லுது, உள்ள அப்படி ஒண்ணுமே தோணல. இது நடிப்பு இல்லையா? ஆண்டவர்கிட்டயே பொய் சொல்ற மாதிரி இருக்குன்னு பாடுறதையே விட்டுட்டேன். (பெயர் போட வேண்டாம் என்று கேட்ட சகோதரி)

பதில்: தங்கச்சி, ஆண்டவர்கிட்ட பொய் சொல்லிடக்கூடாதுன்னு பயப்படுறீங்க பாருங்க, அந்த பயமே உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இன்னும் ஒண்ணும் அறுந்துபோகலன்னு காட்டுது. அவர் யாரோ எவரோன்னு ஆகிப்போயிருந்தா பொய்யா மெய்யான்னு நீங்க கவலைப்பட்டிருக்கவே மாட்டீங்க.

துதின்னாலே சந்தோஷமா இருக்குறவங்க கைதட்டிப் பாடுறதுன்னு நாம மனசுல பதிய வச்சிட்டோம். வேதத்துல இருக்குற சங்கீத புத்தகத்தை எடுத்து வரிசையா படிச்சுப் பாருங்க, 150 சங்கீதத்துல எத்தனை எத்தனை புலம்பல்! எதுக்கு மறந்தீர், ஏன் தூரமா நிக்கிறீர், எவ்வளவு காலம்தான்னு கேட்டுக் கேட்டு அழுதிருக்காங்க. அதெல்லாம் ஒருத்தர் ரூமுக்குள்ள ஒளிச்சு வச்ச டைரி இல்ல, பல சங்கீதத்துக்கு மேலயே இராகத்தலைவனுக்குன்னு போட்டிருக்கும், அதாவது ஆலயத்துல கூட்டமா பாடின பாட்டு. அப்ப அழுகையும் ஆராதனைக்குள்ளதான் இருந்திருக்கு, வெளியில நிறுத்தி வைக்கல.

42ஆம் சங்கீதத்தை மட்டும் எடுத்துக்கோங்க. அந்த மனுஷன் "இரவும் பகலும் என் கண்ணீரே எனக்கு உணவாயிற்று"ன்னு சொல்றார். சாப்பாடு இறங்கல, அழுகைதான் சாப்பாடு. அப்புறம் தன்கிட்டயே பேசிக்கிறார், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" தேவனை நோக்கிக் காத்திரு, நான் இன்னும் அவரைத் துதிப்பேன்னு சொல்லி முடிக்கிறார். இதோட சரியாயிடுச்சா? இல்லையே. அடுத்த வரியே "என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது"ன்னுதான் வருது! திரும்ப அதே கேள்வி 11ஆம் வசனத்துல, திரும்ப 43ஆம் சங்கீதம் 5ஆம் வசனத்துல. ஒரே வரியை மூணு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு அவருக்கு. எனக்கு இது பெரிய ஆறுதல் தங்கச்சி. ஒரு தடவை பாடினதும் சோர்வு ஓடிப்போயிரணும்னு வேதமே எதிர்பார்க்கல, நாமதான் எதிர்பார்க்கிறோம், ஓடலன்னா நம்ம விசுவாசம் பத்தலன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் உடைஞ்சு போறோம்.

அடுத்து நீங்க கேட்ட நடிப்பு விஷயம். "நீர் நல்லவர்"னு பாடுறது "நான் நல்லா இருக்கேன்"னு சொல்றது இல்ல. அது உங்க மனநிலையைப் பத்தின ரிப்போர்ட் இல்லவே இல்ல, அவரைப் பத்தின விஷயம். நீங்க அழுதாலும் அது உண்மை, சிரிச்சாலும் அது உண்மை. உள்ள ஒண்ணும் தோணாதப்ப அதைச் சொல்றது பொய் இல்ல, தோணாததையும் நம்பிப் பிடிச்சுக்கிறது. ஆனா ஒண்ணு, உள்ள இவ்வளவு வலி இருக்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, யாராவது கேட்டா "சந்தோஷமா இருக்கேன், ஸ்தோத்திரம்"னு சொல்லி மூடிட்டுப் போறோம் பாருங்க, அங்கதான் நடிப்பு இருக்கு. நீங்க அதைச் செய்யல, அழுதிருக்கீங்க. அழுதுக்கிட்டே பாடின ரெண்டு வரி முழுசாத்தான் போய்ச் சேந்திருக்கு.

பவுலும் சீலாவும் ஜெயில்ல பாடினாங்கன்னு எல்லாரும் பிரசங்கத்துல கேட்டிருப்போம், அப்போஸ்தலர் 16. ஆனா அந்த ராத்திரியை கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாருங்க. வஸ்திரத்தைக் கிழிச்சு அநேக அடி அடிச்சு உட்காவலறையில போட்டு காலை தொழுமரத்துல மாட்டியிருக்காங்க, அதுல மாட்டினா திரும்பிப் படுக்கவும் முடியாது. முதுகு பிளந்திருக்கு. அந்தக் காயத்தை எப்ப கழுவினாங்க தெரியுமா? 33ஆம் வசனம், பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்து, சிறைச்சாலைக்காரன் வந்து விழுந்து, அதுக்கு அப்புறம் அவன்தான் கழுவுறான். அப்ப 25ஆம் வசனத்துல அவங்க பாடும்போது ரத்தம் முதுகுலயே காஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. வலி குறைஞ்ச பிறகு பாடின பாட்டு இல்ல அது. அதே வசனத்துல முதல்ல ஜெபம்பண்ணினாங்கன்னு இருக்கு, அப்புறம்தான் பாடினாங்கன்னு வருது. அந்த ஜெபத்துல என்ன கேட்டாங்கன்னு எழுதல, ஆனா அந்த முதுகோட யாரும் சிரிச்சுக்கிட்டே ஜெபம் பண்ணியிருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது இவ்வளவுதான். நாளைக்கு நேரா "நீர் நல்லவர்"ல ஆரம்பிக்காதீங்க, 13ஆம் சங்கீதத்தை எடுத்து சத்தமா வாசிங்க. ஆறே வசனம்தான். முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்குறார், கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு. அதை உங்க கேள்வியாவே கேளுங்க. எதுவரைக்கும் இந்த வேலை இல்லாத நிலைமை, எதுவரைக்கும் அப்பா இப்படிப் படுத்திருக்கணும், எல்லாத்தையும் கேளுங்க, அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார், கேக்குறதுக்கு வார்த்தையை எழுதி வச்சதே அவர்தானே. ஆறாம் வசனம் வரும்போது "அவரைப் பாடுவேன்"னு இருக்கும், அங்க வந்து உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டுல ஒரே ஒரு வரி பாடுங்க. தொண்டை அடைச்சா நிறுத்திட்டு அழுங்க, அப்புறம் முடிஞ்சா அதே வரியை திரும்பப் பாடுங்க. முடியலன்னா அன்னிக்கு அவ்வளவுதான், மறுநாள் பாத்துக்கலாம். ஒரு வரியோட நின்னுபோச்சேன்னு வருத்தப்பட வேண்டாம்.

கேள்வி: சோர்வா இருக்கும்போது எந்த மாதிரி பாட்டு பாடணும்? வேகமான பாட்டா, மெதுவான பாட்டா? யூடியூப்ல போட்டு ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே இருந்தா போதாதா, பாடித்தான் ஆகணுமா?

பதில்: கேக்குறதும் நல்லதுதான், அதை வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா கேட்டுக்கிட்டே இருக்கும்போது மனசு பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும், பாட்டு ஒரு பக்கம் ஓடும். நீங்களே வாயைத் திறந்து பாடும்போது மூச்சு, தொண்டை, காது, ஞாபகம் எல்லாம் ஒரே வேலைல சேந்துருது, கவலையைச் சுத்திச் சுத்தி வர்றதுக்கு அங்க இடம் குறையுது. உடம்புலயும் அதுக்கு காரணம் இருக்கு. ஒரு நீண்ட வரியைப் பாடும்போது மூச்சை சட்டுன்னு இழுத்து மெதுவா நீளமா வெளிய விடுறோம். மூச்சை வெளிய விடுற நேரம் நீளமாக நீளமாக இதயத்துடிப்பு நிதானமாகுது, பதற்றத்துல இருக்குற உடம்பை அமைதிப்படுத்துற நரம்பு வேலை செய்யுது. ஸ்வீடன்ல கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சேந்து பாடுறவங்களோட இதயத்துடிப்பு ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குதாம், பாட்டோட அமைப்பே எல்லாரையும் ஒரே மாதிரி மூச்சு விட வைக்கிறதுனால. நம்மை உண்டாக்கினவர் நம்ம மூச்சையும் அறிஞ்சவர்தானே, அதனால இதைப் படிச்சப்ப எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

வேகமா மெதுவான்னா, ரொம்ப சோர்ந்திருக்கும்போது மெதுவான பாட்டுலயே ஆரம்பிங்க. மனசு தரையில கிடக்கும்போது குதிச்சுப் பாடுற பாட்டை எடுத்தா அது நம்மளை விட்டுட்டு தனியா போயிரும். புதுப்பாட்டு கத்துக்க அது நேரமும் இல்ல. சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில கத்துக்கிட்டது, வீட்டு ஜெபத்துல பாடினது, யோசிக்காமலே அடுத்த வரி வாயில வந்து நிக்குற பாட்டு, அதுதான் அந்த நேரத்துக்கு. வார்த்தை ஆண்டவர்கிட்ட நேரா பேசுற மாதிரி இருந்தா இன்னும் நல்லது, "அவர் அப்படி இப்படி"ன்னு சொல்றதை விட "நீர்"னு கூப்பிடுற பாட்டு.

மனைவி இறந்து போன ஒரு பெரியவரைப் பாக்க எங்க சபையில கொஞ்சம் பேர் போயிருந்தோம். அவருக்கு ஜெபம் பண்ண வாய் வரல, நாங்க பண்ணின ஜெபத்துக்கு ஆமென் கூட சொல்லல. மேஜை மேல கிடந்த பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்து பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தார், ஓரமெல்லாம் மடங்கி, அட்டை விட்டுப்போய், நடுவுல நூல் வெளிய தெரிஞ்சது. ஒரு பக்கத்துல விரலை வச்சுட்டு வார்த்தையே இல்லாம ராகத்தை மட்டும் முனகினார். பக்கத்துல இருந்த ஒரு அம்மா அந்த ராகத்துக்கு வார்த்தையை மெதுவா சேத்துப் பாடினாங்க, அவர் ராகம், அவங்க வார்த்தை. மூணு சரணமும் அப்படியே போச்சு. அன்னிக்கு வேற யாரும் எந்த ஆறுதல் வார்த்தையும் சொல்லல, சொல்ல வேண்டியதும் இல்லாமப் போச்சு.

கேள்வி: என் கணவர் தொழில்ல நஷ்டமாகி ரொம்ப சோர்ந்து போயிருக்கார். நான் காலைல இருந்து துதிப்பாட்டு போட்டு விடுறேன், அவரையும் பாடச் சொல்றேன். அவர் எரிச்சலாகி பாட்டை ஆஃப் பண்ணிடுறார், "என்னைக் கொஞ்சம் சும்மா விடு"ன்னு கத்துறார். அவருக்குள்ள ஆவிக்குரிய எதிர்ப்பு இருக்கோன்னு பயமா இருக்கு.

பதில்: இல்ல தங்கச்சி, அவசரப்பட்டு அப்படி முடிவு பண்ணிடாதீங்க. நீதிமொழிகள் 25:20 வாசிங்க. "மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போலவும், வெடியுப்பின்மேல் வார்த்த காடியைப்போலவும் இருப்பான்." குளிர்ல நடுங்குறவன்கிட்ட இருந்து போர்வையை உருவுற மாதிரியாம்! பாட்டைப் பத்தி இவ்வளவு பேசுற அதே வேதம்தான் இதையும் சொல்லுது. துதி அவரவர் வாயில இருந்து வர்றது, இன்னொருத்தர் காதுல ஊத்துற மருந்து இல்ல.

மனசு கலங்கிக் கிடந்த சவுல் ராஜாவுக்கு தாவீது சுரமண்டலம்ங்கிற நரம்பு வாத்தியம் வாசிச்சு ஆறுதல் வந்துச்சேன்னு நீங்க கேக்கலாம். உண்மைதான், 1 சாமுவேல் 16. ஆனா அங்க ஊழியக்காரங்க முதல்ல சவுல்கிட்ட யோசனை சொன்னாங்க, சவுலே "நன்றாய் வாசிக்கத்தக்க ஒருவனைக் கொண்டுவாருங்கள்"னு சொன்னான், அப்புறம்தான் தாவீது வந்தான். கேட்டு வந்த இசை அது. ரெண்டு அதிகாரம் தள்ளி 18ல பாருங்க, அதே தாவீது அதே மாதிரி வாசிக்கிறான், சவுல் ஈட்டியை எறியுறான். அதே கை, அதே வாத்தியம், கேக்குறவனோட மனசு மாறிப்போச்சு. அப்ப வாசிப்பு மட்டும் எல்லாத்தையும் சரிபண்ணிடும்னு சொல்ல முடியாது.

உங்க வீட்டுக்காரருக்கு இப்ப வேண்டியது, பக்கத்துல உக்காந்து அந்த நஷ்டம் எப்படி ஆச்சுன்னு ஒருத்தர் குறுக்க பேசாம கேக்குறது. கடன் எவ்வளவு, யாருக்குத் தரணும், அதையெல்லாம் அவர் வாயால சொல்லட்டும். யோபுவோட நண்பர்கள் 7 நாள் ஒண்ணும் பேசாம அவனோட தரையில உக்காந்திருந்தாங்க, அவங்க செஞ்சதுலயே நல்லது அதுதான். "அழுகிறவர்களுடனே அழுங்கள்"னு ரோமர் 12ல இருக்கு. நீங்க பாடணும்னா தாராளமா பாடுங்க, உங்களுக்காக, நீங்க வேலை பாக்குற இடத்துல, உங்க குரல்ல. ஸ்பீக்கர்ல வைக்காதீங்க. அவர் ஒருநாள் வந்து பக்கத்துல நின்னா நில்லட்டும், வரலன்னா கூப்பிடாதீங்க.

கேள்வி: எனக்கு டிப்ரஷன்னு டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கார். சபையில ஒருத்தர், "மாத்திரை சாப்பிடுறது அவிசுவாசம், துதிச்சுப் பாடினா அந்த ஆவி ஓடிடும்"னு சொல்றார். மாத்திரையை நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தாதீங்க. தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட கேக்காம அந்த மாதிரி மாத்திரையை திடீர்னு விட்டா உடம்பு படுத்தும், நோயும் திரும்ப வரலாம். மாத்திரை ஒத்துக்கலன்னாலோ குறைக்கணும்னு தோணினாலோ அதை அவர்கிட்டயே சொல்லுங்க, அவர் பாத்து மாத்துவார்.

அந்த சகோதரர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார், ஆனா அவர் சொன்னது சரியில்லன்னு நான் தெளிவாவே சொல்றேன். எலியாவைப் பாருங்க, 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில அவ்வளவு பெரிய ஜெயம் பாத்த தீர்க்கதரிசி, ஓடிப்போய் சூரைச்செடி கீழ படுத்துக்கிட்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"ங்கிறார். சாகணும்னு ஜெபம் பண்றார். அப்ப ஆண்டவர் என்ன செஞ்சார்? எழும்பிப் பாடுன்னு சொன்னாரா? தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் இருந்துச்சு. சாப்பிட்டு திரும்பப் படுத்துக்கிட்டார், அதுக்கும் திட்டல. ரெண்டாம் தரம் வந்து, நீ போக வேண்டிய தூரம் ரொம்ப அதிகம், சாப்பிடுன்னான். பேச்செல்லாம் 40 நாள் கழிச்சு ஓரேப் மலையிலதான். தூக்கத்தையும் ஆகாரத்தையும் கொடுத்து ஒரு மனுஷனைத் தேத்தினவர், மருந்தைக் கொடுத்துத் தேத்தமாட்டாரா?

இன்னொருத்தரைப் பத்தியும் உங்களுக்குச் சொல்லணும், இங்கிலாந்துல வில்லியம் கூப்பர்னு ஒரு கவிஞர், 1731ல பிறந்து 1800ல இறந்தார். இன்னிக்கும் உலகம் முழுக்க சபைகள்ல பாடுற துதிப்பாட்டுகளை எழுதினவர். அவருக்கு வாழ்நாள் முழுக்க கடுமையான மனநோய் திரும்பத் திரும்ப வந்துச்சு. 1773ல வந்தது ரொம்ப மோசம், ஆண்டவர் தன்னைக் கைவிட்டுட்டார்னு நம்பிட்டார், அந்த நினைப்பு அவரை விட்டு முழுசா போகவே இல்ல. அவர் பாட்டைப் பாடி எத்தனையோ பேர் ஆறுதல் அடைஞ்சிருக்காங்க, அவர் அவதிப்பட்டார். துதிப்பாட்டையே எழுதினவருக்கு பாட்டு தெரியலன்னோ விசுவாசம் இல்லன்னோ யாராவது சொல்ல முடியுமா? நோய் நோய்தான். அவரோட போதகர் ஜான் நியூட்டன், அடிமை வியாபாரக் கப்பல்ல கேப்டனா இருந்து பிற்பாடு ஊழியத்துக்கு வந்தவர், அந்த மோசமான காலத்துல கூப்பரை மாசக்கணக்கா தன் வீட்லயே வச்சுப் பாத்துக்கிட்டார். ரெண்டு பேரும் எழுதின பாட்டுகள் 1779ல சேந்து புத்தகமா வந்துச்சு. சபைன்னா அந்த மாதிரி வீட்டுக்குள்ள கூப்பிட்டு வச்சுப் பாத்துக்கணும், மாத்திரையைப் பிடுங்கக்கூடாது.

மாத்திரையும் சாப்பிடுங்க, பாடவும் பாடுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்காது. சில பேருக்கு மாத்திரை பிடிச்சு தூக்கம் வர ஆரம்பிச்ச பிறகுதான் பாடவே தெம்பு வருது, அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லலாம். செத்துப் போயிரலாம்னு எண்ணம் வந்தா மட்டும் ஒரு நிமிஷமும் தனியா வச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே வீட்ல ஒருத்தர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. எலியா அதை வாய்விட்டுச் சொன்னார், அவருக்கு ஆண்டவர் கோபத்தைக் காட்டல.

கேள்வி: யோசபாத் பாடகர்களை முன்னாடி அனுப்பி யுத்தத்துல ஜெயிச்சான், பவுல் பாடினதும் ஜெயில் கதவு திறந்துச்சு. நானும் வருஷக்கணக்கா துதிச்சுப் பாடுறேன், ஒரு கதவும் திறக்கல. அப்ப இதுல என்னதான் இருக்கு? கோபத்தோடதான் கேக்குறேன்.

பதில்: கோபத்தோடயே கேளுங்க ஐயா. நியாயமான கேள்வி.

யோசபாத் கதையில நாம நேரா பாடகர்கிட்ட போயிடுறோம், 2 நாளாகமம் 20:12ல அந்த ராஜா ஜனங்க முன்னாடி நின்னு சொன்னதை விட்டுடுறோம். எங்களுக்கு பெலன் இல்ல, என்ன செய்யணும்னே தெரியல, எங்க கண்கள் உம்மையே நோக்கிக்கிட்டு இருக்குன்னு ஒத்துக்கிட்டான். துதி அதுக்கு அப்புறம் வந்தது, பலத்தைக் காட்டுறதுக்காக வந்தது இல்ல. பாட்டை ஒரு சாவி மாதிரி ஆக்கி, இதைத் திருப்பினா அது திறக்கும்னு சொல்லிக் கொடுக்குறவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு. திறக்காதப்ப ஜனங்க ஆண்டவரையே சந்தேகப்படுறாங்க, இல்லன்னா தன்னையே வெறுத்துக்கிறாங்க.

பவுல் விஷயத்தை முழுசா பாருங்க. பிலிப்பியில அந்த ராத்திரி கதவு திறந்துச்சு, சரி. வருஷங்கள் கழிச்சு அதே பவுல் திரும்ப கட்டப்பட்டு காவல்ல இருக்கார், அதே பிலிப்பி சபைக்கு கடிதம் எழுதுறார். அந்த சபையில பழைய சிறைச்சாலைக்காரனோட வீட்டார் கூட உக்காந்து அதை வாசிக்கக் கேட்டிருக்கலாம். இந்தத் தடவை பூமி அதிரவே இல்ல. பிழைப்பேனா சாவேனான்னே தெரியாத நிலைமை, முதல் அதிகாரத்துலயே அது வருது. ஆனா எழுதுறது என்ன? "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." கதவு திறந்ததுனால வந்த துதியா இருந்தா மூடின கதவுக்குள்ள அது செத்துப் போயிருக்கணுமே.

ஆபகூக் தீர்க்கதரிசி இன்னும் வெளிப்படையா சொல்றார். அத்திமரம் துளிர்விடல, திராட்சச்செடியில பழம் இல்ல, ஒலிவமரம் ஏமாத்திடுச்சு, வயல் விளையல, கிடையில ஆடு இல்ல, தொழுவத்துல மாடு இல்ல. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இதுக்கு மேல போறதுக்கு என்ன இருக்கு? ஒவ்வொண்ணா பேர் சொல்லி எண்ணிட்டு, ஆனாலும் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்"ங்கிறார். இழந்ததை மறைக்காம சொன்ன பிறகு வர்ற "ஆனாலும்" அது. நீங்களும் உங்க லிஸ்டை ஒரு பேப்பர்ல எழுதுங்க ஐயா, திறக்காத ஒவ்வொரு கதவையும். எழுதி அவர் முன்னாடி வச்சுட்டு அப்புறம் பாடுங்க. கோபம் இருந்தா இருக்கட்டும். 88ஆம் சங்கீதம் முடியுறப்பவும் வெளிச்சமே வரல, அறிமுகமானவங்களும் மறைஞ்சு போனாங்கன்னு சொல்லி நின்னுடுது, அதையும் எடுத்துடாம பாட்டுப் புத்தகத்துல வச்சிருக்காங்க.

இதுல என்ன இருக்குன்னு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பாடிக்கிட்டு இருக்குற வரைக்கும் நீங்க அவர்கிட்ட பேச்சை நிறுத்தல. சோர்வு முதல்ல செய்யுற வேலையே நம்மளை எல்லார்கிட்ட இருந்தும் பேசாம ஆக்குறது, மனுஷர்கிட்ட, அப்புறம் ஆண்டவர்கிட்ட. வருஷக்கணக்கா கதவு திறக்காமயே நீங்க பாடியிருக்கீங்கன்னா, அத்தனை வருஷமும் அந்த சோர்வால உங்க வாயை மூட முடியல. எனக்கு இது சின்ன விஷயமா தெரியல. கடைசி ராத்திரியில இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனாங்கன்னு மத்தேயு 26:30ல இருக்கு. அங்க என்ன காத்திருக்குன்னு அவருக்குத் தெரியும், அது விலகவும் இல்ல. தெரிஞ்சும் பாடினார்.

கேள்வி: எனக்கு சுத்தமா பாட வராது, சுருதி சேராது. நான் என்ன பண்றது?

பதில்: பாடுங்க. "பூமியின் குடிகளே, எல்லாரும்"னுதான் 100ஆம் சங்கீதம் ஆரம்பிக்குது. ரொம்ப கூச்சமா இருந்தா சங்கீதத்தை ஒரு நடையோட சத்தமா வாசிங்க, அதுவும் துதிதான்.

கேள்வி: ஆராதனையில எல்லாரும் எழும்பிப் பாடும்போது என்னால வாயே திறக்க முடியல அக்கா. சும்மா நிக்கிறேன். போகாமலே இருந்துடலாமான்னு தோணுது.

பதில்: போங்க தம்பி, சும்மாவே நில்லுங்க. எபேசியர் 5:19ல சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் "ஒருவருக்கொருவர்"னு போட்டிருக்கு, நாம ஆண்டவருக்கு மட்டும் பாடல, பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் பாடுறோம். நீங்க பாட முடியாத ஞாயிற்றுக்கிழமையில உங்க வரியை மத்தவங்க பாடிக்கிட்டு இருக்காங்க. அதுல அவங்களுக்கு ஒரு பாரமும் இல்ல, அவங்கள்ல சில பேருக்காக நீங்க முன்னாடி பாடியிருப்பீங்க. யாராவது தட்டி "ஏன் பாடல"ன்னு கேட்டா, "இன்னிக்கு முடியல, எனக்காகப் பாடுங்க"ன்னு சொல்லுங்க. நிக்கவும் முடியலன்னா உக்காந்துக்கோங்க. கடைசி பாட்டுக்கு முன்னாடி எழும்பி ஓடிடாம, முடிஞ்ச பிறகு ஒருத்தர்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.

மன்னிக்க முடியாம தவிக்கிறதைப் பத்தி கொஞ்சம் நீளமான கடிதங்கள் வந்திருக்கு, இடம் பத்தல, அடுத்த இதழ்ல அதையே முதல்ல எடுத்துக்கிறேன்.